மலைக்கு இரண்டு பக்கம்

மாதா வீட்டுக்கு வருகிற நாளில் நண்டு சமைக்கலாமா கூடாதா என்று அன்னமலர் காலையிலிருந்தே தன்னோடு தானே வழக்குப் பேசிக்கொண்டிருந்தாள். ஒக்ரோபர் என்றால் செபமாலை மாதம். சிட்னியில் நார்த்மீட்டைச் சுற்றியுள்ள கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அந்த மாதம் முழுக்க மாதா சொரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். வருகிறவர்கள் செபமாலை சொல்லி, சாப்பிட்டு, அடுத்த நாள் சொரூபத்தை அடுத்த வீட்டில் ஒப்படைப்பார்கள். பேருக்குத்தான் செபம். நேற்று மாதா தங்கின வீட்டுக்காரி என்ன கறி வைத்தாள் என்பதுதான் இன்றைக்கு வைத்திருக்கப் போகிறவளுக்குத் தலையிடி. நேற்றைய வீட்டில் கணவாய்க் கறி. மன்னாரில் பிறந்த அன்னமலர் கணவாய்க்குக் கீழே இறங்க முடியுமா? நண்டுதான் என்று முடிவாயிற்று.

குசினி மேசையில், வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில், அவளுடைய போன் சீனிப் போத்தலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் ஒரு வரைபடம், வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிதான் ஜெனோஜா.

ஜெனோஜா அவளுடைய ஒரே பிள்ளை. இருபத்தேழு வயது, பிசியோதெரபி படித்து வேலை பார்க்கிறவள். லீவு போட்டுவிட்டுத் தனியே யப்பானுக்குப் போகப்போகிறேன் என்று அவள் சொன்னபோது அன்னமலர் வீட்டுக் கூரை பறக்கக் கத்தினாள். "கலியாணம் கட்டாத பொம்பிளைப் பிள்ளை தனியப் போய் ஆர் பார்க்கிறது?" என்றாள். "அம்மா, இட்ஸ் த சேஃபெஸ்ற் கன்ட்றி இன் த வேர்ள்ட்" என்றாள் மகள். கடைசியில் அந்த நீலப் புள்ளியில் சமாதானம் ஆனார்கள். எங்கே போனாலும் அவள் நிற்கிற இடம் தாயின் போனில் தெரியவேண்டும். அந்த உடன்படிக்கையில்தான் பிள்ளை விமானம் ஏறினாள்.

இன்றைக்குப் புள்ளி றொக்கோ மலையில் நின்றது. கோபே என்ற பெரிய நகரத்துக்குப் பின்னால் நீளத்துக்குக் கிடக்கிற மலைத்தொடர் அது. கேபிள் காரில் ஏறி, மேலே நின்று படம் எடுத்துவிட்டு இறங்குவேன் என்றுதான் மகள் சொல்லியிருந்தாள். பொய். மலை முகட்டால் நாள் முழுக்க நடந்து, மறுபக்கம் அரிமா என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு இறங்குவதுதான் அவளுடைய திட்டம். மத்தியானம் ஒரு படம் அனுப்பினாள். பாதையோரப் பலகை ஒன்று, அதில் காட்டுப்பன்றியின் படம், அதற்குக் குறுக்கே சிவப்புக் கோடு.

"அங்க பண்டியும் நிக்குதோ? உடன கீழ இறங்கு" என்று அன்னமலர் எழுதினாள். சிரிக்கிற முகம் ஒன்று பதிலாக வந்தது. அதன் பிறகு புள்ளி அசையவில்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இருந்து சாப்பிடுகிறாளாக்கும் என்று நினைத்தாள். தேங்காய்ப்பால் பிழிந்துவிட்டுப் பார்த்தாள். நண்டை உடைத்துக் கழுவிவிட்டுப் பார்த்தாள். புள்ளி இப்போது புள்ளியாகவே இல்லை. மலையின் இரண்டு பக்கத்தையும் மூடிக்கொண்டு ஒரு பெரிய மங்கல் வட்டமாக விரிந்து கிடந்தது. கையைக் கழுவிவிட்டு மகளுக்குக் கோல் எடுக்கலாம் என்று திரும்பும்போது போன் தானாகவே அடித்தது.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. ஃபேர்ஸ்ற் நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றாள் ஜெனோஜா.

பயப்பிடாதேங்கோ என்று பிள்ளை தொடங்கினால் எந்தத் தாய் பயப்படாமல் இருப்பாள்? அன்னமலர் கதிரையை இழுத்து இருந்தாள்.

"பாதை ஒரு இடத்தில உடைஞ்சு போய்க் கிடந்தது. சுத்திப் போவம் எண்டு வெளிக்கிட்டுச் சறுக்கி விழுந்திட்டன். கணுக்கால் வீங்கிட்டுது, ஊண்டி நிக்கேலாது. போனும் கல்லில அடிபட்டு ஜிபிஎஸ் மப் ஒழுங்கா வேலை செய்யுதில்லை. ஒரே பனிப்புகார் அம்மா, எந்தப் பக்கத்தால விழுந்தனான் எண்டே விளங்கேல்லை."

"ஐயோ மாதாவே! பொலிசுக்கு அடி பிள்ளை!"

"அடிக்கேலாது. இது டேட்டா மட்டும் உள்ள சிம். வாட்சப் மட்டும்தான் போகும். விஜயா அன்ரியின்ர தம்பி கோபேயிலதானே இருக்கிறார், அவரிட்டச் சொல்லுங்கோ, அவர் பொலிசிட்டப் போகட்டும். பை உருண்டு போட்டுது, சார்ஜரும் அதுக்குள்ளதான். பற்றறி இருபத்தஞ்சு வீதம்தான் இருக்கு. ஒருத்தரும் எனக்கு எடுக்கக் கூடாது. ஒருத்தருக்கும் சொல்லவும் கூடாது. முக்கியமா றெஜினா மாமிக்கு. ப்ரொமிஸ் பண்ணுங்கோ."

"சத்தியமாச் சொல்லமாட்டன்" என்றாள் அன்னமலர். அந்த நேரம் அதை அவள் மனதாரத்தான் சொன்னாள்.

றெஜினா என்றால் அன்னமலரின் கணவன் சூசைதாசனுடைய அக்கா. பாரிசில் இருக்கிறாள். நல்ல மனுசி, தங்கமான மனம், ஆனால் அவளுடைய காதில் ஒரு சொல் விழுந்தால் அது மன்னாருக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர உலை கொதிக்கிற நேரம்கூட வேண்டாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். றெஜினாவின் வாய்க்கு ஊரே மூடியானாலும் காணாது.

விஜயா இரண்டு வீடு தள்ளி இருப்பவள், திருநெல்வேலிக்காரி. செய்தி கேட்டதும் அடுப்பில் இருந்ததை அப்படியே அணைத்துவிட்டு ஓடிவந்தாள். அவளுடைய தம்பி வாசுதேவன் கோபேயில் எஞ்சினியர், யப்பான் மொழி தண்ணீர்பட்ட பாடு. குறை சொல்லக்கூடாது, அவன் வேலையைப் போட்டுவிட்டு நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய் நின்றான். அங்கிருந்து சூசைதாசனின் போனுக்கு எடுத்தான். சூசைதாசன் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், அக்கா, ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க" என்றான் வாசுதேவன். "பொண்ணுகிட்ட ஒரு தடவ பேசிட்டேன். தைரியமாத்தான் இருக்கு. ஆனா இந்த மலைக்கு ரெண்டு பக்கம். ஒரு பக்கம் கோபே சிட்டி, இன்னொரு பக்கம் அரிமா. ரெண்டு பக்கமும் பள்ளம் பள்ளமா இறங்கும். முகட்டுல இருந்து எந்தப் பக்கம் சறுக்குச்சுன்னு தெரியல. இப்ப மூடுபனி, சுத்தி ஒண்ணுமே தெரியலங்குது. ரெஸ்க்யூ டீம் கார்ல கிளம்பிட்டாங்க. அவங்க மேல போய்ச் சேர்ந்ததும் நான் ஒரே ஒரு கால் போடுவேன். அதுக்குள்ள பனி விலகியிருந்தா, என்ன தெரியுதுன்னு கேட்டாப் போதும், எந்தப் பக்கம்னு புரிஞ்சிரும். அதுவரைக்கும் யாரும் கூப்பிடக் கூடாது. அந்தப் போனை விட்டா நமக்கு வேற வழியே இல்ல."

"ஒருத்தரும் எடுக்கமாட்டினம் தம்பி. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் சூசைதாசன்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் மணி அடித்தது. மாதா வந்துவிட்டார்.

திருப்பி அனுப்பலாமா என்று கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லவேண்டும். அதைவிட, வாசல்வரை வந்த மாதாவை இப்படியொரு நாளில் திருப்பி அனுப்ப அன்னமலருக்கு நெஞ்சு துணியவில்லை. "வரட்டும். பிள்ளைக்காகத்தான் வந்திருக்கிறா" என்று கணவனின் காதில் சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

முப்பது பேர் இருக்கும். கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா, பின்னால் மல்லிகைச் சரம், அதற்குப் பின்னால் ரோல்ஸ் தட்டுகளும் கேக் பெட்டிகளும். செபத்தை நடத்துகிற அருளப்பு அங்கிள் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றும்போதே செருமத் தொடங்கினார். இந்தக் கூட்டத்துக்குக் கொரோனாக் காலத்தில் பிடித்த ஒரு பழக்கம் இன்னும் விடவில்லை. செபமாலை நடக்கும்போது வெளிநாட்டுச் சொந்தக்காரரையும் வீடியோவில் கூப்பிட்டு ரீவியில் போட்டுவிடுவார்கள். சூசைதாசன் தடுக்குமுன்பே யாரோ போட்டுவிட்டார்கள். ரீவி நிறையப் பெட்டி பெட்டியாக முகங்கள், விடியுமுன்னே எழும்பின ரொறன்ரோக்காரர் உட்பட. முதல் பெட்டியில் பாரிஸ் றெஜினா, காலைக் கோப்பியும் கையுமாக.

ஐந்து பத்து மணிகள் கொண்ட செபமாலையில் முதலாம் பத்து முடிந்தது. இரண்டாம் பத்து முடிந்தது. அன்னமலரின் உதடு செபம் சொல்லிற்று, கண் மடியில் இருந்த போனில் நின்றது. சிட்னியில் இன்னும் வெளிச்சம். யப்பானில் மணி இரண்டு மணித்தியாலம் பின்னால்தான், ஆனால் அங்கே இலையுதிர்காலம், வேளைக்கே பொழுதுபட்டுவிடும். குளிருமோ? பன்றி வருமோ? பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிட்டதோ? ஒன்றையும் ஒருவரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொண்டிருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. பிறந்ததிலிருந்து அவள் ஒரு துன்பத்தையும் தனியே சுமந்ததில்லை. ஒரு தலையிடி என்றால்கூட நாலு பேருக்குச் சொன்னால்தான் அது தலையிடி.

மூன்றாம் பத்து வீட்டுக்காரரின் வேண்டுதல் கருத்துக்கு என்பது அவர்களுடைய வழமை. அருளப்பு அங்கிள் அவள் பக்கம் திரும்பினார். "மகள் அன்னமலர், இந்தப் பத்தை என்ன கருத்துக்கு ஒப்புக்கொடுக்கிறியள்?"

உலக சமாதானத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். நோயாளிகளுக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"என்ர பிள்ளை யப்பானில மலையில விழுந்து கிடக்குது மாதாவே! கால் உடைஞ்சு, தனிய, இருட்டுக்க கிடக்குது! காப்பாத்தித் தா தாயே!"

சூசைதாசன் தலையில் கையை வைத்தார். பிறகு எழும்பின செபம் இருக்கிறதே, அப்படியொரு செபத்தை நார்த்மீட் கேட்டிருக்காது. பெண்கள் அழுதழுது சொன்னார்கள். ரீவியில் மன்னாரும் அழுதது, ரொறன்ரோவும் அழுதது. றெஜினாவின் பெட்டி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. கோப்பிக் கோப்பை மேசையில் இருந்தது, ஆளைக் காணவில்லை.

ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பிள்ளை ஆபத்தில் கிடந்தால் எடுத்து நாலு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் விடுவது நம்மவர்களுக்குப் பாவம் மாதிரி. றெஜினா எடுத்தாள். மன்னாரில் சித்தப்பா எடுத்தார். ரொறன்ரோவில் ஞானஸ்நானத் தாய் வீடியோவில் எடுத்தாள். முன்வரிசையில் முழந்தாளில் நின்றவர்களிலேயே இரண்டு பேர் சால்வைக்குள் கையை விட்டு மெசேஜ் போட்டார்கள். எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் பேசினார்கள் என்று பிறகு தெரியவந்தது. பயப்பிடாதை பிள்ளை, மாதா இருக்கிறா, சாப்பிட்டியோ?

அழுகையும் பாட்டுமாக நீண்டுகொண்டுபோன மூன்றாம் பத்து முடியுமுன் சூசைதாசனின் போன் அடித்தது.

"யார்கிட்ட சார் சொன்னீங்க?" வாசுதேவன் கத்தினான். "லைன் பிஸி, பிஸின்னே வருது! நடுவுல பொண்ணே ஒரு மெசேஜ் போட்டிருக்கு, எல்லாரையும் நிறுத்தச் சொல்லி. எடுக்காம விட்டா விடாம அடிக்கிறாங்களாம். இருபத்தஞ்சு இருந்துச்சு சார். இப்ப மூணு!"

அன்னமலர் எழும்பினாள். றெஜினா அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரீவிப் பெட்டிக்குள் திரும்பி வந்திருந்தாள்.

"மச்சாள்! என்ர பிள்ளைக்கு எடுத்தனீங்களோ?"

"பின்ன? பிள்ளை அப்பிடிக் கிடக்கேக்க எடுக்காமல் இருப்பனோ? வீடியோவில பாத்தனான், முகம் வெளிறிப் போச்சு—"

"உங்கட வாயாலயே என்ர பிள்ளையைத் தின்னப் போறியள்! அந்தப் போன் செத்தா என்ர பிள்ளையும் சாகும், விளங்குதோ? கொலைகாரி!"

சண்டையில்கூட அப்படியொரு சொல் அந்த வீட்டில் விழுந்ததில்லை. றெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். சூசைதாசன் மாதாவுக்கு முன்னால் இருந்த பூத்தட்டை எடுத்துப் பூவைக் கொட்டினார். "எல்லாரும் போனை நிப்பாட்டி இதில வையுங்கோ. ரீவியில இருக்கிற ஆக்களும் அப்பிடியே கமராவுக்கு முன்னால வையுங்கோ, எனக்குத் தெரியவேணும்." முப்பது போன்களும் ஒன்றன்மேல் ஒன்றாக மாதாவின் காலடிக்குப் போயின. சூசைதாசனின் போன் வாசுதேவனுக்காக அவர் கையில் இருந்தது. அன்னமலரின் போனை ஒருவரும் கேட்கவில்லை. பெற்ற தாயிடம் யார் கேட்பது?

வாசுதேவன் கொஞ்சம் அமைதியானான். "டீம் மேல வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் சார். மூணு பர்சன்ட் ஒரு காலுக்குத் தாங்கும். அந்த ஒண்ணு போதும். தயவு பண்ணி விட்டிருங்க."

நண்டுக் கறியை அணைக்கவேண்டும் என்று அன்னமலர் குசினிக்குப் போனாள். அணைத்தாள். கூடத்தில் யாரோ தேற்றுகிற குரல், யாரோ மூக்கு உறிஞ்சுகிற சத்தம். கையில் போன். போனில் அந்த மங்கல் வட்டம். வட்டத்துக்குள் எங்கேயோ அவளுடைய வயிற்றில் கிடந்த ஒன்று பனியில் நனைந்துகொண்டு கிடக்கிறது. எடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் எல்லோரும் பிள்ளையின் குரலைக் கேட்டுவிட்டார்கள். றெஜினா முகத்தையே பார்த்துவிட்டாள். பெற்றவள் மட்டும் அந்த முதல் கோலுக்குப் பிறகு கேட்கவில்லை. ஒரேயொருதரம். பேசக்கூட வேண்டாம், மூச்சைக் கேட்டால் போதும். மணி ஒருதரம் அடித்ததும் வைத்துவிடலாம். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

விரல் தானாகத்தான் போயிற்று என்று அவள் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரல் தானாகப் போவதில்லை.

மறுமுனையில் உடனே பதில் வந்தது.

"அம்மா?" குளிரில் பல்லோடு பல் அடிக்கிற சத்தம் கேட்டது. "ஏனம்மா எடுத்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை ராசாத்தி, உன்ர குரலை ஒருக்கா..."

"நான் ஓகே அம்மா. புகார் விலகிட்டுது. இங்க பெரிய கொங்கிறீட் மதில் ஒண்டு இருக்கு. அதுக்கு உள்ளுக்க மண் மட்டமாக் கிடக்கு, அதில ஊர்ந்து வந்து இருக்கிறன். மதிலுக்கு மேலால கீழ கப்பல் வெளிச்சம் தெரியுது, வடிவா—"

அவ்வளவுதான். அன்னமலர் ஹலோ, ஹலோ என்றாள். திரும்ப எடுத்தாள். அடிக்கவில்லை.

சொல்லத்தான் அவள் கூடத்துக்குள் போனாள். சத்தியமாகச் சொல்லத்தான் போனாள். கதவடியில் கால் வைக்கும்போது வாசுதேவனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"சார், டீம் மேல வந்துட்டாங்க. கால் போடறேன், போக மாட்டேங்குது. போன் ஆஃப். மறுபடியும் யாரோ கூப்பிட்டிருக்காங்க சார்."

முப்பது தலையும் ரீவிப் பக்கம் திரும்பின. இங்கே போன் எல்லாம் தட்டில் கிடக்கிறது. வேறு யார்?

"அக்கா!" சூசைதாசன் கத்தின கத்தலில் கண்ணாடிக் கூடு அதிர்ந்தது. "சொல்லச் சொல்லக் கேக்காமல் திருப்பியும் எடுத்தனியோ?"

"மடு மாதா ஆணை, நான் எடுக்கேல்லையடா தம்பி! இஞ்ச பார், போன் இதிலதான் கிடக்கு!" றெஜினா போனைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டினாள். "என்ர பிள்ளையளில ஆணை!"

"ஆணை வேற இடுறியோ? இனிமேல் என்ர வீட்டு வாசல் மிதிக்காதை. எனக்கு அக்கா எண்டு ஒருத்தி இல்லை."

அன்னமலர் கதவடியில் நின்றாள். போன் அவளுடைய முந்தானைக்குள் இன்னும் சூடாக இருந்தது. வாயைத் திறந்தாள். கொலைகாரி என்று இப்போதுதான் கத்தின வாய். முப்பது பேருக்கும், மன்னாருக்கும், ரொறன்ரோவுக்கும் முன்னால் கத்தின வாய். அந்த வாயால் எப்படிச் சொல்வது? கொஞ்சம் பொறுப்போம் என்று நினைத்தாள். சனம் அடங்கட்டும், இவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வோம்.

வாசுதேவன் யாரிடமோ யப்பான் மொழியில் பேசிவிட்டுத் திரும்பி வந்தான். "சார், இனி காத்திருந்து பிரயோஜனம் இல்லன்றாங்க. பொண்ணு அரிமாவுக்குத்தானே போகணும்னு கிளம்புச்சு, அதனால அந்தப் பக்கமாத்தான் இறங்கப் பாத்திருக்கும்னு முடிவு பண்ணிட்டாங்க. டீம் அரிமா பக்கம் இறங்குறாங்க."

"நல்லது தம்பி. அவைக்குத் தெரியும்தானே" என்றார் சூசைதாசன்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அதைக் கேட்டதும் அன்னமலரின் நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அவர்கள் முடிவு எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய மலை, அவர்களுக்குத் தெரியாததா? கப்பல் வெளிச்சத்தை வைத்து என்ன செய்யப்போகிறார்கள்? கப்பல் இந்தப் பக்கமும் நிற்கும், அந்தப் பக்கமும் நிற்கும். யப்பான் தீவுதானே, சுற்றவரக் கடல்தானே. இப்படியெல்லாம் ஒரு மனம் தன்னைத் தானே ஏமாற்றும். ஏமாறுகிற மனத்துக்கும் அது தெரியும்.

அருளப்பு அங்கிள் மெல்லச் செருமி நாலாம் பத்தைத் தொடங்கினார். அன்னமலர் முழந்தாளிட்டாள். உருட்டின ஒவ்வொரு செபமாலை மணிக்கும் இப்போது சொல்வோம், அடுத்த மணிக்குச் சொல்வோம் என்று இருந்தாள். ரீவியில் றெஜினா செபம் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுடைய பெட்டியை நிறுத்திவிட்டுப் போகவும் இல்லை. நாலாம் பத்து முடிந்தது. ஐந்தாம் பத்து முடிந்தது. மாதாப் பிரார்த்தனை தொடங்கி, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று வீடு ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசுதேவன் திரும்பவும் எடுத்தான். செபம் பாதியில் நின்றது.

"மழை பிடிச்சிருச்சு சார், நல்ல மழை. நான் வெளிய ஸ்டேஷன் போர்ட்டிகோவுலதான் நிக்கறேன். மழைதான் கொஞ்சம் கவலையா இருக்கு."

"ஏன் தம்பி? நனைஞ்சா என்ன, காலமைக்கிடையில எடுத்திடுவினம்தானே?"

"நனையறது பரவால்ல சார். இந்த மலை பூரா உதிரி மண்ணு. மழை பெஞ்சாக் கரைஞ்சு சரியும். சிட்டிக்குள்ள வந்துறக் கூடாதுன்னு பள்ளத்துக்குப் பள்ளம் கான்கிரீட்ல பெரிய சுவர் கட்டி வச்சிருக்காங்க. மேலேர்ந்து வர்ற மண்ணு, பாறை, மரம் எல்லாம் அந்தச் சுவருக்கு உள்பக்கம் வந்து விழும். பாக்க மட்டமா, உக்கார நல்ல இடம் மாதிரித்தான் இருக்கும். அந்த மாதிரி இடத்துல மட்டும் பொண்ணு இல்லாம இருந்தாச் சரி. மேட்டுல எங்கயாச்சும் மரத்தடியில இருந்தா ராத்திரி பயமில்லன்றாங்க."

அன்னமலர் எழும்பவில்லை. முழந்தாளில் நின்றபடியே கேட்டாள்.

"தம்பி, கப்பல் வெளிச்சம் தெரியிறது எந்தப் பக்கம்?"

"என்ன அக்கா?"

"அந்த மலையில நிண்டு பாத்தா, கடலும் கப்பலும் தெரியிறது எந்தப் பக்கம் எண்டு கேக்கிறன்."

"கோபே பக்கம் அக்கா. ஹார்பர் அங்கதானே. அரிமா பக்கம் கடலே கிடையாது, வெறும் மலைதான். ஏன் கேக்கறீங்க?"

"பிள்ளை மதிலுக்கு உள்ளுக்க இருக்குது" என்றாள் அன்னமலர். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "மண் மட்டமாக் கிடக்குதாம், அதில இருக்கிறாளாம். மதிலுக்கு மேலால கப்பல் வெளிச்சம் தெரியுதாம். எனக்குச் சொன்னவள். நான்தான் எடுத்தனான். மச்சாள் எடுக்கேல்லை. நான்தான் கடைசியா எடுத்தனான்."

சூசைதாசன் மனைவியை முதன்முதலாகக் காண்கிறவர் மாதிரிப் பார்த்தார். ரீவியில் றெஜினா தலையை நிமிர்த்தினாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்னமலருக்குத் தாங்கியிருக்கும். அவள் திட்டவில்லை, கையெடுத்துக் கும்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செபிக்கத் தொடங்கினாள்.

வாசுதேவன் யப்பான் மொழியில் வேகமாக ஏதோ கத்தினான். கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. பொலிஸ்காரர் ஒருவரின் குரல் அவனிடம் சுருக்கமாக ஏதோ கேட்டது. அவன் போனுக்குத் திரும்பினான்.

"அக்கா, இத எப்ப சொல்லுச்சு? எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேக்கறாங்க."

அன்னமலருக்கு மணிக்கணக்கு வாயில் வரவில்லை. "நாலாம் பத்துக்கு முந்தி" என்றாள்.

"அப்படின்னா?"

அருளப்பு அங்கிள்தான் பதில் சொன்னார். "அரை மணித்தியாலத்துக்கு மேல தம்பி."

வாசுதேவன் அதை மொழிபெயர்த்தான். மறுபக்கத்தில் அந்தப் பொலிஸ்காரரின் குரல் நீளமாக ஒன்று சொன்னது.

"அப்ப டீம் முகட்டு ரோட்டுலதான் நின்னுட்டு இருந்தாங்க அக்கா" என்றான் வாசுதேவன். "நீங்க சொல்ற பள்ளத்துக்கு நேர் மேல, கார் லைட்டக்கூட அணைக்காம, என் காலுக்காகக் காத்துட்டு இருந்தாங்க. இப்ப அரிமா பக்கம் பாதி மலை இறங்கிட்டாங்க. திரும்ப ஏறி வரணும். கோபே பக்கத்துப் பாதைய மழைக்கு இப்பத்தான் மூடினாங்களாம்."

சூசைதாசனின் கையிலிருந்த போனுக்குள்ளால் கோபேயில் பெய்கிற மழை கூடம் முழுக்கக் கேட்டது.